விற்றதாகச் சொன்ன மூட்டைகள்

கடலூர்
13.10.2025

மாமாவுக்கு,

நலம் விசாரித்து எழுத இது நேரமில்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அக்கா என் நம்பரையே பிளாக் செய்துவிட்டாள். நேரில் வந்தால் தெருவில் கூட்டம் கூடும். அதனால் தபாலில் எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் உரக்கடையின் பெயரை மேலே அனுப்பியது நான்தான். போட்டிக் கடைக்காரன் எவனோ மொட்டைக் கடுதாசி போட்டான் என்று கீரப்பாளையத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அவனை வையாதீர்கள். அவனுக்கு இதில் சம்பந்தமில்லை.

போன மாதக் கடைசியில் இங்கே விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடந்தது. எங்கள் வேளாண்மை ஆபீஸ் சார்பில் உர விற்பனை பார்க்கிற கம்ப்யூட்டரோடு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கொளஞ்சியம்மாள் என்று ஒரு அம்மா மைக்கைப் பிடித்தார். உங்களுக்குப் பக்கத்து ஊர், குத்தகைக்குப் பயிர் வைப்பவர்.

"ரெண்டு மூட்ட யூரியா கேட்டேங்க. பலகையில இல்லன்னு எழுதிப் போட்டுட்டாங்க. லாரி வந்து எறக்குனத என் கண்ணால பாத்தேன். அப்புறம் பண்ருட்டி போயி ஜாஸ்தி வெல குடுத்து வாங்கியாந்தேன். எந்தக் கடைன்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். நாளைக்கும் நான் அங்கதான் போயி நிக்கணும்."

அவர் சொல்லாவிட்டால் என்ன, உரக்கடைகளில் இருக்கிற கைரேகை மிஷின் சொல்லும். விவசாயி கட்டைவிரல் வைத்தால்தான் ஒரு மூட்டை விற்றதாகப் பதிவாகும். லாரி வந்த கையோடு மொத்தமும் விற்றுத் தீர்ந்ததாகக் காட்டும் கடைகளைத் தேடி எடுத்தேன். முதல் வரியிலேயே உங்கள் கடை. ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே இடத்திலிருந்து, அத்தனை மூட்டையும். அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அனுப்பலாமா என்று தோன்றியது. தோன்றியதை மறைக்க மாட்டேன். எடுக்காமல்தான் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு சோதனை, பறிமுதல், கடைக்குச் சீல், எல்லாம் உங்களுக்கே தெரியும். விற்றதாகச் சொன்ன மூட்டைகள் தடுப்புச் சுவருக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. வாசல் பலகையில் சாக்பீஸால் 'யூரியா: இல்லை'. இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தில் பக்கம் பக்கமாக இருந்தாலும் கடைக்காரருக்கு அது சொல்வது சின்ன விஷயம். இருப்பதை எழுதிப் போடு, கேட்பவருக்கு அச்சடித்த விலைக்குக் கொடு. நீங்கள் இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

விலை ஏறட்டும் என்றுதான் வைத்திருந்தீர்களா? நேராகச் சொல்லுங்கள்.

தீபாவளிச் சீர் வழக்கம்போல் வரும்.

அறிவழகன்


கீரப்பாளையம்
17.10.2025

அரசாங்க உத்தியோகஸ்தர் திரு. அறிவழகன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. கேஸுக்கு உதவும் என்று வக்கீல் மணவாளன் வாங்கி வைத்துக்கொண்டார். போனில் பேசினால் என் வாயில் அசிங்கமாக வரும், உன் அக்கா பக்கத்தில் இருக்கிறாள். அதனால் நானும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரே இடம் என்று கண்டுபிடித்தாயே, அது எந்த ஞாயிறு, எந்த இடம் என்று உனக்குத் தெரியாதா? என் மகள் இலக்கியாவின் மஞ்சள் நீராட்டு. மாலையும் தட்டுமாக நீதான் தாய்மாமனாக நின்றாய். என் அம்மா ஊர்ச் சனம், கிள்ளைப் பக்கத்துச் சனம் முழுக்க அன்றைக்கு மண்டபத்தில் இருந்தது. மொய் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போட்டு மிஷினை வைத்தேன். மொய் எழுதியவன் அப்படியே விரலையும் வைத்துவிட்டுப் பந்திக்குப் போனான்.

ஏன் செய்தேன் என்று கேள். எனக்கு லாரி வருவது ஆவணியில். வாய்க்கால் கடைசியில் இருக்கிற அவர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வது ஐப்பசியில். அதற்கு அப்புறம் நட்டு, மேலுரம் போடுகிற நேரத்தில் எந்தக் கடையில் யூரியா இருக்கிறது? வாய்க்கால் தலைப்பில் இருக்கிறவன் தண்ணீரையும் முதலில் வாங்குகிறான், உரத்தையும் முதலில் வாங்கித் தன் வீட்டுக்குள் அடுக்கிக்கொள்கிறான். அதைப் பதுக்கல் என்று யாரும் சொல்வதில்லை. எந்த ஆபீசர் வீட்டுக்குள் நுழைந்து கட்டிலுக்கு அடியில் பார்க்கிறார்? ஒவ்வொரு வருஷமும் என் சனம் வந்து நிற்கும், நான் கையை விரிப்பேன். இந்த வருஷம் விரலை முன்னாலேயே வாங்கி மூட்டையை ஒதுக்கி வைத்தேன். எடுக்கும்போது பணம் கொடு என்றேன். மூட்டை அவர்களுடையது. நான் காவல் இருந்தேன்.

அப்புறம் இன்னொன்று. அந்த மண்டபத்தில் சிக்னல் இல்லாமல் மிஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. "இதுக்குப் போயி என்னா மாமா இவ்ளோ டென்சன்" என்று உன் செல்போனிலிருந்து நெட் கொடுத்தது யார்? அத்தனை மூட்டையும் உன் நெட்டில்தான் போனது, மச்சான். அதை உன் ரிப்போர்ட்டில் எழுதினாயா?

நாலு வருஷம் அண்ணாமலை நகரில் படித்தபோது எந்த வீட்டில் சாப்பிட்டாய் என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

சீர் அனுப்பாதே.

பூவராகன்


கடலூர்
24.10.2025

மாமாவுக்கு,

சீர் பார்சல் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. புடவையை என் பீரோவில் வைத்திருக்கிறேன்.

நெட் விஷயம். எழுதவில்லை. அன்றைக்கு அது மொய்ப் பணத்துக்குக் கார்டு தேய்க்கிற மிஷின் என்று நினைத்தேன். இந்த வேலையில் இருந்துகொண்டு அதைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை. உங்கள் கடிதம் வந்த மறுநாளே ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது தபால் பதிவு செய்கிறேன். ஒப்பந்த வேலைதானே, தைக்கு மேல் புதுப்பிக்க மாட்டார்கள். உங்களைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. கேட்டீர்கள், பதில் சொல்கிறேன்.

கடைமடைக்காரர்களுக்காக ஒதுக்கினேன் என்றீர்கள். நம்புகிறேன். ஆனால் என்னை அந்த வேலையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் பெயர்களையும் பார்த்துவிட்டேன். சமையல்காரர் பெயரில் மூட்டை இருக்கிறது. போட்டோ எடுக்க வந்தவர் பெயரில் இருக்கிறது. நாதஸ்வரக்காரர் பெயரில் மட்டும் ஒரு வண்டி ஏற்றலாம் போல. அவர் எந்த வயலுக்கு மேலுரம் போடுகிறார்? இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். உங்களுக்கே தெரிந்தால் போதும்.

கொளஞ்சியம்மாளும் ஒரு வகையில் கடைமடைதான். அவருக்கு வாய்க்காலே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் சொந்தக்காரர் இல்லை, மண்டபத்துக்கு வரவில்லை, அதனால் பலகையில் 'இல்லை'.

இதை நிறுத்திக்கொள்கிறேன். அவசரம் வேறு.

பறிமுதல் செய்த மூட்டைகளைச் சிதம்பரம் பக்கத்தில் ஒரு பழைய குடோனில் போட்டிருக்கிறார்கள். தீபாவளி லீவில் போய்ப் பார்த்தேன். காவலுக்கு இருக்கிற பக்கிரி உள்ளே விடவில்லை. "ஜன்னல் வழியா பாருங்க சார்" என்றார். பார்த்தேன். "எழவு வூட்ல பாக்குற மாதிரி பாக்குறீங்களே, உங்களுதா?" என்று கேட்டார்.

கூரையில் ஓட்டை. அடியில் பலகை போடாமல் சிமெண்டுத் தரையில் அப்படியே அடுக்கியிருக்கிறார்கள். யூரியா காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மழை பிடித்துக்கொண்டது. கீழ் வரிசை இறுக ஆரம்பித்துவிட்டது. சாக்கின் மடிப்பைப் பார்த்தாலே தெரிகிறது. யாருக்கும் கிடைக்கக் கூடாது என்றா சட்டம் போட்டார்கள்? ஆபீஸில் கத்திவிட்டேன். கத்தி என்ன பயன்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. கெட்டுப்போகிற சரக்கு என்றால் கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், உத்தரவு வாங்கி அரசு விலைக்கு விற்றுவிடலாம். சரக்கு யாருடையது என்பதில் தகராறு இருந்தால் மட்டும் அந்த பைல் நகராது. மணவாளன் வக்கீல் கிள்ளைப் பக்கம் போய் 'மூட்டைகளை நாங்கள் ஏற்கனவே வாங்கிவிட்டோம்' என்று கையெழுத்து வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். வாங்க விடாதீர்கள்.

அறிவழகன்


கீரப்பாளையம்
31.10.2025

மச்சான்,

உன் கடிதத்தை இந்த முறை வக்கீலிடம் கொடுக்கவில்லை.

அவர் கையெழுத்து வாங்குவது உண்மைதான். "மிஷின்ல வித்தாச்சுன்னு இருக்கு, வாங்குனவனும் ஆமாங்கறான், அப்புறம் பதுக்கல் எங்க இருந்து வரும்? கவர்மெண்டு குடுத்த மிஷினே நமக்கு சாட்சி" என்கிறார். கேஸ் உடையும், உரிமம் திரும்ப வரும் என்கிறார். எனக்கு வேறு தொழில் தெரியாது, அறிவழகா. கடை இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று உன் அக்கா ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. நேற்று தனக்கோடி வந்தான். உனக்குத் தெரியும், என் தாய்மாமன் மகன், மண்டபத்தில் பந்தி பரிமாறியவன். சீல் வைத்த கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். உள்ளே போவதாக இருந்தால்தானே செருப்பைக் கழற்ற வேண்டும்? பழக்கம்.

"நட்டு முடிச்சிட்டேன் மச்சான். சொசைட்டிக்கு யூரியா வந்துருக்குன்னாங்க, போனேன். வெரல வெச்சா மிஷினு ஏத்துக்கல. இந்தப் போகத்துக்கு உள்ளத வாங்கிட்டீங்களேங்கறாங்க. நான் வாங்கிட்டனா மச்சான்?"

அவன் சண்டை போடவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டான். தான்தான் எங்கேயோ மறந்துவிட்டோமோ என்பது போல. அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் சைக்கிளோடு நின்றார்கள். எல்லார் விரலையும் மிஷின் திருப்பி அனுப்பிவிட்டதாம்.

நான் மூட்டையைத்தான் ஒதுக்கி வைத்தேன் என்று நினைத்தேன். மூட்டையும் இல்லை, வேறு எங்கேயும் வாங்கவும் முடியாது என்று அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டேன்.

உன்னை ஒன்று கேட்கிறேன். நீ கம்ப்யூட்டர் தெரிந்தவன். அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் மிஷினிலிருந்து அழித்துவிட முடியாதா? உன் இடத்துக்கு வந்த பையன் உன் சிநேகிதன் ஆகாஷ்தானாமே. யாருக்கும் தெரிய வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. அவர்கள் விரல் வேலை செய்தால் போதும்.

பூவராகன்


கடலூர்
4.11.2025

மாமா,

முடியாது. ஆகாஷிடம் கேட்கவும் மாட்டேன். அவனும் ஒப்பந்தம்தான். அழித்தாலும் யார் அழித்தது என்று அதிலேயே பதிவாகும். இது நல்லவன் வேஷம் இல்லை. யாருக்கும் தெரியாமல் செய்ததால்தான் இந்த நிலைமை. அதையே இன்னொரு முறை செய்து சரிசெய்ய முடியாது.

வழி ஒன்றுதான். ஆபீஸில் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 'அன்றைக்கு மிஷினில் பதிவான விற்பனை நடக்கவே இல்லை, மூட்டை யாருக்கும் கொடுக்கப்படவில்லை, சரக்கு என்னுடைய இருப்பு, அதை விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று நீங்கள் உங்கள் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தப் பதிவுகளை ரத்து செய்வார்கள். கடைமடைக்காரர்கள் விரலை மிஷின் ஏற்கும். சரக்கு யாருடையது என்ற தகராறும் போய்விடும். அவர்கள் ஊர் சொசைட்டியிலேயே வைத்து விற்க உத்தரவு வாங்கலாம் என்று அதிகாரி சொல்கிறார். பயிர் தூர் கட்டுகிற நேரத்துக்குள் உரம் வேண்டும். அதற்கு மேல் போட்டால் வீண் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு என்ன விலை என்றும் சொல்லிவிடுகிறேன். உரிமம் போகும். தற்காலிகமாக இல்லை, அடியோடு. கோர்ட்டில் அந்தக் காகிதமே உங்களுக்கு எதிராக நிற்கும். தண்டனை வரலாம். மணவாளன் வக்கீல் சொல்வது பொய்யில்லை. விற்றுவிட்டேன் என்று கடைசிவரை சாதித்தால் நீங்கள் தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்குள் மூட்டைகள் கல்லாகியிருக்கும், தனக்கோடி பயிர் மஞ்சளாகியிருக்கும். ஆனால் நீங்கள் தப்பித்திருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். அக்காவையும் இலக்கியாவையும் நினைக்கும்போது 'எழுதிக் கொடுங்கள்' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் எழுதிக் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதல் கடிதத்தில் இருந்த தைரியம் எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம். தெரியவில்லை.

அவர்கள் விரலை வாங்கியது நீங்கள். திருப்பிக் கொடுக்க உங்களால் மட்டும்தான் முடியும்.

அறிவழகன்


கீரப்பாளையம்
20.11.2025

மச்சான்,

பத்து நாளைக்கு முன்னால் அந்தக் காகிதத்தை எழுதி உன் ஆபீஸுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனேன். நீ மாடியில் இருந்தாய் என்றார்கள். உன்னைப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

வக்கீலிடம் முன்னாலேயே சொன்னேன். "கேஸ ஜெயிச்சுக் குடுக்கறேன்னா நீயே போயி மாட்டிக்கிறியே, புத்தி இருக்கா பூவராகா?" என்று கேஸ் கட்டைக் கீழே போட்டார். உன் அக்கா நான் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். "அவன் சொன்னான்னு எழுதுறியா?" என்றாள். "இல்ல, தனக்கோடி கேட்டான்" என்றேன். அதற்கு அப்புறம் காபி கொண்டுவந்து வைத்தாள்.

நீ பதில் வேண்டாம் என்றாலும் சொல்கிறேன். சமையல்காரர், போட்டோக்காரர், நாதஸ்வரக்காரர் பெயரில் இருந்த மூட்டை விலை ஏறும் என்றுதான் வைத்தேன். என் சனத்துக்கு என்று ஆரம்பித்தேன். அடுக்க அடுக்க, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று தோன்றியது. காகிதத்தில் அதையும் எழுதினேன். எழுதும்போதுதான் பார்த்தேன், எல்லா மூட்டைக்கும் ஒரே வரிதான் எழுத முடிகிறது. 'கொடுக்கப்படவில்லை.'

நேற்று கிள்ளைப் பக்கம் சொசைட்டியில் விற்றார்கள். சரக்கை அடையாளம் காட்ட என்னையும் வரச் சொன்னார்கள். வந்த லாரியைப் பார்த்தால் கீழ் வரிசை மூட்டை எல்லாம் கல். கட்டையால் அடித்து உடைத்தார்கள். உடையாதது மூலையில் கிடந்தது, யாரும் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தனக்கோடி முதல் ஆளாக நின்றான். விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தான். மிஷின் சுற்றியது. ஏற்றுக்கொண்டது, மச்சான். அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

வரிசையில் அந்த அம்மாவும் இருந்தது. கொளஞ்சியம்மாள். விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் மாறி மாறி வந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் நின்றது.

"என்னா கடக்காரரே, அன்னிக்கி உள்ள இருந்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"இருந்துச்சும்மா" என்றேன்.

அது திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையில் முன்னால் நகர்ந்தது.

திரும்பி வரும்போது மழை. நிறையப் பேர் உடனே வயலில் தூவிவிடலாம் என்று பார்த்தார்கள். மழை விடட்டும், இல்லாவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைக்காரனாக நான் சொன்ன கடைசிப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்த புடவையை என்ன செய்தாய் என்று உன் அக்கா கேட்கவில்லை. என்ன நிறம் என்று மட்டும் கேட்டாள்.

பூவராகன்


கடலூர்
27.11.2025

மாமா,

பச்சை. அரக்கு பார்டர். கொண்டு வருகிறேன்.

உங்கள் உரிமத்தை ரத்து செய்கிற உத்தரவு இன்றைக்குத் தபாலில் போகிறது. இப்போது தபால் என் வேலை. எண் போட்டுப் பதிவு செய்ததும் உறையை ஒட்டியதும் நான்தான். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இந்தக் கடிதம் அதோடு ஒன்றாகவே வந்து சேரும். எதை முதலில் பிரிப்பது என்பது உங்கள் இஷ்டம். கேஸ் நடக்கும். வாய்தாவுக்கு நான் கூட வருவேன். என் சாட்சியமும் அதில் இருக்கிறது, அது உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரே பஸ்ஸில் போகலாம்.

உத்தரவு கிடைத்ததும் கடையின் பெயர்ப் பலகையை எடுத்துவிட வேண்டும். இரும்புப் பலகை, தனியாக இறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். அக்கா கதவைத் திறக்காவிட்டால் பரவாயில்லை, எனக்குக் கடை வாசலில்தான் வேலை.

ஷட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற சின்னப் பலகையை மட்டும் அழிக்காதீர்கள். போன வாரம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். தாழ்வாரத்துக்குள் இருப்பதால் மழை படவில்லை. 'யூரியா: இல்லை' என்ற உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது.

இப்போதுதான் அது உண்மை.

அறிவழகன்